டாலி நாலாவும் நமது சாக்கடையும்

(டாலிகஞ்ச் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது டாலிகஞ்சுக்குப் பெயர் தந்தவர் மேஜர் வில்லியம் டாலி. 1770-களில் தூர்ந்து கிடந்த ஆதி கங்கையை வெட்டிப் படகு விட்டார், சுங்கமும் வசூலித்தார். காளிகட்டுக் கோயில் கரையிலுள்ள அதே நாலாதான் இன்று நம்மை மூக்கைப் பொத்த வைக்கிறது. போதாக்குறைக்கு, 2009-இல் நீட்டித்த மெட்ரோ ரயிலின் தூண்களையும் அதற்குள்ளேயே நட்டார்கள்!

சுத்திகரிப்பு நிலையம் என்பது மந்திரமல்ல. கம்பி வலையில் குப்பை தங்கும், தொட்டியில் மண் படியும். அடுத்த தொட்டியில் காற்றை ஊட்டினால் நுண்கிருமிகள் அழுக்கைத் தின்னும். இதே தீனி ஆற்றில் நடந்தால், கிருமிகள் நீரின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். ஆகவே அது ஆற்றுக்கு வெளியிலேயே முடிய வேண்டும்.

நகரின் கிழக்கே மீனவத் தொழிலாளர் இதை இயந்திரமின்றியே செய்கிறார்கள். ஆழமற்ற பேரிகளில் சாக்கடை நீரைத் தேக்கினால், வெயிலில் பாசி வளர்கிறது. மீன் அதைத் தின்கிறது. நாம் வாங்கும் ரூயியில் அவர்களது அறிவும் இருக்கிறது. பொறியாளர் துருபஜோதி கோஷ் 1980-களில் அவர்களிடம் கற்று உலகுக்குச் சொன்னார். 2002-இல் அந்த 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது.

ஆனால் நிலையமோ பேரியோ, குழாய் வழியே வருகிற நீரைத்தான் சுத்தம் செய்யும். நேரே நாலாவில் விழுவதை யார் தடுப்பது? நமது சந்தின் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று வார்டு கவுன்சிலரைக் கேட்கப்போகிறோம். ஞாயிறன்று மனு எழுதுகிறோம். வங்காளம் எழுதத் தெரிந்த பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.