ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல்



காலை ஒன்பது மணிக்குச் சென்னைப் பெருங்குடியில், ஓ.எம்.ஆர். சாலை ஓரமாக நின்று பாருங்கள். வேலைக்குப் போகிற இருசக்கர வண்டிகளில் ஹெல்மெட் இருக்கும். சிலருக்குத் தலையில், சிலருக்கு முழங்கையில், சிலருக்குப் பெட்ரோல் டேங்க் மேல். தலையில் ஏறியவற்றிலும் சிலவற்றின் வார் மாட்டப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அபராதத்துக்குப் பயந்து போட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

உங்கள் ஹெல்மெட்டை எடுத்து, உள்ளே இருக்கும் துணி மெத்தையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். விரல் தடிமனுக்குக் கெட்டியான தெர்மகோல் தெரியும். வெளி ஓடு அடியைப் பரப்பிவிடுகிறது, கூர்மையான கல் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. ஆனால் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வது தெர்மகோல்தான். எப்படி? தான் நசுங்கி.

ஒரு சின்னக் கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தாலே, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகம். சிக்னலில் நிற்கிற வண்டி சாய்ந்தாலும் இதே கதைதான். விழுந்த உயரத்தை, தலை நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுங்கள். வெறும் தலை 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், புவியீர்ப்பைப் போல 750 மடங்கு அதிர்ச்சி. தெர்மகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் 75 மடங்கு. சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே இருப்பது அந்த இரண்டு சென்டிமீட்டர்.

ஹெல்மெட் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு மரணம் வழிவிட்டது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ், பிறகு ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941இல் எழுதினார். 1943இல் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து பார்த்து, நேரான அடியைவிடத் தலை சட்டென்று சுழல்வதுதான் மூளைக்கு ஆபத்து என்றார். பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவர்கள் போல, மண்டை திரும்பிய பிறகே மூளை திரும்புகிறது. அந்த இழுபறியில் நரம்பிழைகள் அறுகின்றன.

அடிபட்ட மூளைக்கு மருத்துவம் இல்லையா? சென்னையில் 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். பிற்பாடு, பெருங்குடிக்குப் பக்கத்திலுள்ள தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு மையம் அமைத்தார். மண்டைக்குள் உறைந்த ரத்தத்தை இன்று அறுவை சிகிச்சையால் எடுத்துவிடலாம். அறுந்த நரம்பிழைகளைத் தைக்க எந்த மருத்துவராலும் முடியாது. அதனால்தான் புதிய ஐரோப்பிய விதிகளில் சாய்வாக மோதவிட்டுச் சுழற்சியை அளக்கும் சோதனையும் சேர்ந்திருக்கிறது.

2022இல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.

ஆகவே, நேயர்களே, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ளதையே வாங்குங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பலமாக ஒரு முறை அடிபட்டதைத் தூக்கிப் போடுங்கள். நசுங்கிய தெர்மகோல் மறுபடி எழாது. பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வாங்குங்கள். வாரை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையை விட்டுக் கழன்று ஓடிவிடும். கிளம்பும் முன் வாரை மாட்டுங்கள்.