வெண்புள்ளியும் உவர்ப்பின்மையும்



தோலில் தோன்றும் ஒருவகை வெண்மையை முன்னாளில் 'வெண்குஷ்டம்' என்று வழங்கினர். நோய் செய்யாத தீங்கை அப்பெயர் செய்தது. அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே அண்டை வீட்டார் அஞ்சினர். பேசி முடித்த திருமணங்கள் நின்றன. சென்னையில் இயங்கும் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தினர் இப்பெயரை நீக்குமாறு தொடர்ந்து வற்புறுத்தினர். தமிழக அரசும் 'வெண்புள்ளிகள்' என்றே வழங்க ஆணையிட்டது. ஆயினும், பழம்பெயர் விதைத்த அச்சம் இன்னும் பல இல்லங்களில் நீங்கவில்லை.

தொழுநோய், 1873ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்த கிருமியால் வருவது. அக்கிருமி நரம்பைத் தாக்குவதால், வெளிறிய இடத்தில் உணர்ச்சி குன்றும். வெண்புள்ளிக்குக் கிருமி காரணமன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனினை ஆக்கும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே பகையென மயங்கி அழிக்கிறது. அதனால் அவ்விடம் சுண்ணாம்பு போல் வெளுக்கிறது; தொடுவுணர்ச்சி மாறுவதில்லை. தொட்டாலும், உடனிருந்து உண்டாலும், மணந்து வாழ்ந்தாலும் பரவாது. பாலொடு புளிப்பைச் சேர்த்து உண்டதால் வந்தது என்பதற்கும் ஆதாரமில்லை. பெற்றோருக்கு இருப்பின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புச் சற்றே கூடும். எனினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

வெளுத்தவையெல்லாம் வெண்புள்ளியும் அல்ல. தேமலும், குழந்தைகளின் முகத்தில் தோன்றும் வெளிறலும், உணர்ச்சியற்ற தழும்பும் வெவ்வேறானவை. எனவே தோல் மருத்துவரிடம் காட்டித் தெளிதலே முதற்கடன். களிம்பு, புறஊதாக் கதிர் மருத்துவம், தோல் ஒட்டு ஆகிய முறைகளால் பலருக்கு நிறம் மீள்கிறது. சிலருக்குத் தைராய்டு குறைபாடும் உடனிருக்கும். அதனையும் ஆய்ந்தறிதல் நன்று. கார்போகரிசியைத் தாமே அரைத்துப் பூசி வெயிலில் நிற்போர் கொப்புளங்களால் வருந்துவதுண்டு. சித்த மருத்துவத்தை நாடுவோர்க்குப் பல்லாவரத்தின் அருகே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. அங்குள்ள மருத்துவரின் மேற்பார்வையிலேயே மருந்து கொள்ளல் வேண்டும்.

இனி, சமண அறம் இதுபற்றி உணர்த்துவதைக் காண்போம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவன் உத்தாயன மன்னன். அவனைச் சோதிக்க ஒரு தேவன் பிணியுற்ற முனிவராய் வந்து, உண்ட உணவை அவன்மேலேயே உமிழ்ந்தான். மன்னனோ முகஞ்சுளிக்காது அவ்வுடலைக் கழுவிப் பேணினான். அருவருக்கத் தக்க நிலையிலும் அருவருப்பின்மையை வேண்டும் அறம், தீங்கற்ற ஒரு வெண்மையைக் கண்டு ஒதுங்க எங்ஙனம் இடந்தரும்? நிறம் புற்கலத்தின் குணம், உயிருக்கு நிறமில்லை. 'பழவினைப் பயன்' என்று சொல்லி ஒருவரை ஒதுக்குவோர், அவ்வாறு ஒதுக்குதலும் புதுவினையே என்பதை மறக்கின்றனர்.

தொழுநோயைக்கூட மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து நாடாளுமன்றம் 2019இல் சட்டத் திருத்தத்தால் நீக்கிவிட்டது. சட்டம் கடந்த தொலைவை இல்லங்களும் கடத்தல் வேண்டும். வரன் பேசும்போது, "எங்கள் பெண்ணுக்கு வெண்புள்ளி உண்டு" என்று ஒரு தந்தை மறைக்காமலும் தலைகுனியாமலும் சொல்லுதல் வேண்டும், கேட்போர், "அதனால் என்ன? பெண் என்ன படித்திருக்கிறாள்?" என்று பேச்சைத் தொடர்தல் வேண்டும். அதுவே உவர்ப்பின்மை.