பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய இரண்டு செய்திகள்



'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லின் அருமையை அறியாதவர் நம்மில் எவருமிலர். ஆயினும், பல்வலி கண்டவுடன் பல் மருத்துவரை நாடிச் செல்வோர் சிலரே. கிராம்பை வைத்து வலியை அடக்குவோர் ஒரு சாரார். வலி மாத்திரையை விழுங்கி நாளைக் கடத்துவோர் மற்றொரு சாரார். ஏன் இவ்வாறு என்று வினவினால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. 'ஊசி என்றாலே எனக்குப் பயம்' என்பது ஒன்று. 'எனக்கு இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு எல்லாம் இருக்கிறது. பல்லைத் தொட்டால் ஆபத்து' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வீட்டிலேயே இருந்துவிடுவதற்குரிய காரணங்கள் ஆகா. மருத்துவரிடம் சென்று வாய்திறந்து சொல்லவேண்டிய செய்திகளே இவை. அதனை விளக்குவதே இன்றைய என் உரையின் நோக்கம்.

முதலில் அச்சத்தைப் பற்றிக் கூறுகிறேன். மரத்துப்போகும் மருந்து இல்லாத காலத்தில் பல் பிடுங்குவதென்பது பெரும் வேதனையாக இருந்தது. அக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கும் அச்சத்தையே ஊட்டினர். 'அழுதால் பல் டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போடச் சொல்வேன்' என்று குழந்தையை மிரட்டும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. 1943 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் நீல்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய லிக்னோகெயின் என்னும் மருந்து, இன்று உலகெங்கும் பல் மருத்துவர்களின் கையில் இருக்கிறது. ஊசி போட்ட சில நிமிடங்களில் அப்பகுதி மரத்துப்போகும். பல்லை அழுத்துவதும் அசைப்பதும் நமக்குத் தெரியும், வலி தெரியாது. வலி தெரிந்தால் சொல்ல வேண்டும். மருத்துவர் மேலும் மருந்து தருவார்.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பல்லின் அடியில் சீழ் கட்டி, வீக்கம் கண்டபின் சென்றால், அவ்விடத்தில் மரத்துப்போகும் மருந்து நன்கு வேலை செய்வதில்லை. அச்சத்தால் தாமதித்தவருக்கு அதனாலேயே வலி மிகுகிறது. வலி மிகுந்ததும், 'நான் பயந்தது சரிதான்' என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். சொத்தை சிறிதாக இருக்கும்போதே சென்றவர்க்கோ, ஒரு முறை பல்லை அடைத்துக்கொண்டு வருவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

அச்சமுள்ளவர்கள் செய்யவேண்டியவை மிக எளியவை. நாற்காலியில் அமருமுன், 'ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லிவிடுங்கள். அது வெட்கப்படத்தக்க செய்தியன்று. 'நான் கையை உயர்த்தினால் நிறுத்துங்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை பல்லைப் பார்த்து வருவதற்கு மட்டும் செல்லலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விடுங்கள். எவ்வகையிலும் அச்சம் அடங்காதவர்க்கு, மருத்துவமனையில் தூக்கமருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யும் வழியும் உண்டு.

அடுத்து, நோயுள்ளவர்களைப் பற்றிப் பார்ப்போம். 2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது நூற்றுக்கு 31 பேர். இனிப்புநீர் கட்டுக்கடங்காதவருக்கு ஈறுநோய் எளிதில் முற்றும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரையின் அளவும் கட்டுக்கடங்காது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும். ஆகவே, இனிப்புநீர் உள்ளவரே மற்றவரைவிட முன்னதாகப் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நம் தொழிலுக்கே உரிய ஓர் இடர் இங்கு உண்டு. விடியுமுன் எழுந்து, வெறும் காப்பியைக் குடித்துவிட்டு, மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே பசியோடு கிளினிக்குக்குச் செல்பவர் பலர். இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டவர் இவ்வாறு சென்றால், சர்க்கரை இறங்கி, வியர்த்து, மயங்கி விழக்கூடும். பழியோ பல் ஊசியின் மேல் விழும்! ஆதலால், வழக்கமான மருந்தை உட்கொண்டு, உணவும் உண்டபின் செல்லுங்கள். கூடுமானால் காலை நேரத்திலேயே முறை கேட்டுப் பெறுங்கள்.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அன்றைய மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அளவு 180க்கு 110 என்னும் எல்லையைத் தாண்டியிருந்தால், மருத்துவர் பல் பிடுங்குவதை ஒத்திவைத்து, முதலில் கொதிப்பைக் குறைத்துவரச் சொல்வார். அது உங்களைத் தட்டிக்கழிப்பதாகாது. உங்கள் உயிர்மேல் கொண்ட அக்கறையாகும்.

இதயநோய்க்காக ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளை உண்பவர்கள், பல் பிடுங்கப் போகிறோம் என்று தாமாகவே அவற்றை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இதயத்திலோ மூளையிலோ இரத்தம் உறைந்து பேராபத்து நேரலாம். வார்ஃபரின் உண்பவருக்கு முன்னதாக இரத்தப் பரிசோதனை செய்து, அளவு சரியாக இருந்தால் மருந்தை நிறுத்தாமலேயே பல்லை எடுத்துவிடுவார்கள். செயற்கை இதயவால்வு பொருத்தப்பட்டவர்களுக்குக் கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்து முன்கூட்டியே தரப்படும். சொன்னால்தானே தருவார்கள்?

ஈளைநோய் உள்ளவர்கள் மூச்சிழுக்கும் மருந்துக் குப்பியைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மார்களும் பல் சிகிச்சை பெறலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு மிகவும் ஏற்ற காலம். வலியும் சீழும் இருந்தால் எந்த மாதமாயினும் காத்திருத்தல் தகாது. எந்த மருந்தேனும் உடலுக்கு ஒவ்வாமற்போனதுண்டா என்பதையும் மறவாமல் கூறுங்கள். பெயர் நினைவில்லாவிட்டால், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

'ஒருநாள் கூலி போய்விடுமே' என்று தயங்குவோர்க்கு ஒரு செய்தி. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற பல் மருத்துவர் பரிசோதித்துத் தரும் சான்றிதழுக்கும் சம்பளத்துடன் கூடிய நோய்விடுப்பு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாள், ஐந்தாண்டு நிறைந்தவர்க்கு 22 நாள் என்பது சட்டம் வகுத்த அளவு. 48 மணி நேரத்திற்குள் நிருவாகத்திற்குத் தெரிவித்துவிட வேண்டும். அரசாங்கப் பல் மருத்துவமனைகளில் கட்டணமும் மிகக் குறைவே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தாடையின் கீழோ கழுத்திலோ வீக்கம் பரவுதல், வாயைத் திறக்க இயலாமை, எச்சிலையும் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். பல்லில் தோன்றிய சீழ் மூச்சுக்குழலை நெருக்கி உயிரைப் பறிக்கக்கூடும். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்; வாகனம் இல்லையேல் 999 என்னும் எண்ணை அழையுங்கள்.

பெருமக்களே! பல் மருத்துவர் நம் வாயைத்தான் பார்க்கிறார். நம் மனத்திலுள்ள அச்சத்தையும் உடலிலுள்ள நோயையும் நாம் சொன்னாலன்றி அவர் அறிய வழியில்லை. அடுத்த முறை செல்லும்போது பல்லைக் காட்டுமுன் இவ்விரண்டையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வலியை மறைத்துக்கொண்டிருக்கும் முதியவர் எவரேனும் இருந்தால், இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள்.