பால் செல்லும் பாதை

நெல்லை விளைவித்த கமக்காரன் அதனைக் களஞ்சியத்தில் இட்டு, நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். தேங்காயையும் சில கிழமைகள் குவித்து வைக்கலாம். பாலுக்கோ அத்தகைய பொறுமை கிடையாது. உடற்சூட்டுடன் மடியிலிருந்து வெளிவரும் பாலில், அதனைத் திரியச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உணவும் ஈரமும் வெப்பமும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. வெப்ப நாடுகளிற் சில மணி நேரத்துள் அது பழுதாகிவிடும். அன்றியும், கறவை மாடு திருநாளென்றும் ஓய்வு நாளென்றும் பார்ப்பதில்லை. நாள்தோறும் காலையும் மாலையும் கறந்தேயாக வேண்டும். ஆதலால் பால் விற்பவனுக்குப் பேரம் பேச நேரமில்லை. அவனுக்கும் நகரத்துக் குழந்தைக்கும் இடையே நிற்பவர் எவரோ, அவரே விலையை நிருணயிப்பவர் ஆகின்றார்.

பொலித்தீன் உறைகளிலும் காகிதப் பெட்டிகளிலும் அடைக்கப்பட்டு இன்று விற்பனையாகும் பாலின் வரலாறு, பெரும்பாலும் இந்த இடைவழியின் வரலாறேயாகும். அவ்வழியை யார் அமைப்பது, யார் நடத்துவது என்ற வினாவுக்கு இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள ஆனந்த் என்னும் ஊர் அளித்த விடை, உலகத்தின் கவனத்தை ஈர்த்ததொன்று.

1945 ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் அந்நகர மக்களுக்கு நல்ல பால் கிடைக்கச் செய்வதற்காக ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. ஆனந்திலிருந்து பம்பாய்க்குப் புகையிரத வழி சுமார் 425 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் பாலைப் பழுதின்றிக் கொண்டுசெல்லும் பொறுப்பு பொல்சன் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கிராமங்களிற் பாலைச் சேர்த்தவர்கள் தரகர்கள். நகரத்தவர் கொடுத்த விலைக்கும் கெயிரா மாவட்டத்துக் குடியானவர் பெற்ற விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது. குறை கூறிப் பயன் காணாத அம்மக்கள் சர்தார் வல்லபாய் பட்டேலை நாடினர். பாலைப் பதப்படுத்தும் நிலையத்தையும் விற்பனையையும் தாமே கூட்டுறவு முறையில் நடத்தாதவரை விமோசனமில்லை என்பதே அவர் கூறிய அறிவுரை. 1946 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் திகதி சமர்க்கா என்னும் கிராமத்தில், மொரார்ஜி தேசாயின் முன்னிலையிற் கூட்டம் கூடியது. கிராமந்தோறும் சங்கம் அமைப்பதென்றும், தரகருக்குப் பால் கொடுப்பதில்லை யென்றும் தீர்மானிக்கப்பட்டது.

அதன்பின் பதினைந்து நாள்கள் பால் விற்பனை நின்றது. நாளைக்கென்று வைக்க முடியாத பண்டத்தை விற்க மறுப்பது எளிய காரியமன்று. ஒவ்வொரு வேளையும் அன்றைய வருமானத்தை இழக்கும் செயல் அது. ஆயினும் மக்கள் அசையவில்லை, பம்பாய்த் திட்டம் தடுமாறியது, கோரிக்கை ஏற்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 14 ஆம் திகதி கெயிரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் தலைவராக அமைந்தவர் திரிபுவன்தாஸ் பட்டேல். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறத்தாழ 250 லீற்றர் மட்டுமே.

சங்கம் அமைந்தாற் போதுமா? பால் கெடாமற் போய்ச் சேர வேண்டுமே! 1949 ஆம் ஆண்டில் அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு ஆனந்துக்கு வந்த இளைஞர் வர்கீஸ் குரியன் இப்பணியில் இணைந்தார். கோழிக்கோட்டிற் பிறந்த அவர், மதறாஸ் இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அமெரிக்காவில் அவருடன் பழகிய தலாயா என்னும் பால் தொழில் நிபுணரும் பின்னர் வந்து சேர்ந்தார். மக்களின் நம்பிக்கையைத் திரிபுவன்தாஸ் ஈட்டினார். நிருவாகத்தைக் குரியன் கவனித்தார். இயந்திர நுட்பத்தைத் தலாயா கவனித்தார்.

அவர்கள் வகுத்த முறையை அடியிலிருந்து நோக்குவோமாயின் அதன் நுட்பம் விளங்கும். காலையிலும் மாலையிலும் கிராமத்துச் சங்கத்தின் வாயிலில் வரிசை நிற்கும். ஒரு லீற்றர் கொண்டுவருபவரும் பத்து லீற்றர் கொண்டுவருபவரும் அந்த வரிசையில் வந்த முறைப்படியே நிற்பர்; சாதியோ சமயமோ அங்கே முன்னிடம் பெறுவதில்லை. ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டு, அதிற் சிறிது மாதிரியாக எடுக்கப்பட்டுக் கொழுப்பின் அளவு சோதிக்கப்படும். விலை அந்தக் கொழுப்பின்படியே அமையும். ஆகவே, நீர் கலப்பவருக்கு இலாபமில்லை. நல்ல தீனி கொடுத்து மாட்டைப் பேணுபவருக்கு நட்டமில்லை. காலைப் பாலின் பணம் மாலையிலும், மாலைப் பாலின் பணம் மறுநாட் காலையிலும் கைக்குக் கிடைத்தது. நிலமில்லாத குடும்பத்துக்கும், ஓர் எருமையை மட்டுமே நம்பி வாழும் பெண்ணுக்கும் இது எத்துணை ஆறுதல் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கிராமத்திலிருந்து பால் விரைவாக ஆனந்துக்குச் செல்லும். அங்கே 72 பாகை சதம வெப்பத்திற் பதினைந்து செக்கன்கள் காய்ச்சப்பட்டு, உடனே 4 பாகை அளவுக்குக் குளிர்விக்கப்படும். நோய்க் கிருமிகள் வெப்பத்தில் மடியும். எஞ்சியவை குளிரில் ஒடுங்கும். இதன் பின்னர் குளிர் ஓரிடத்திலும் அறுபடலாகாது. வெப்பம் உட்புகாத தாங்கிகளிற் பயணஞ்செய்து, நகரத்தில் உறைகளில் அடைக்கப்பட்டு, கடையின் குளிர்ப்பெட்டியை அடையும்வரை அது தொடர வேண்டும். ஏதேனும் ஓரிடத்தில் லொறி பழுதாகி வெயிலில் நிற்குமாயின், அதற்கு முன்னர் நூறு பேர் செய்த வேலையும் வீணாகும். பால் தொழிலிற் சங்கிலி என்னும் சொல் வழங்குவது இக்காரணம் பற்றியே.

இன்னுமொரு பெருந்தடை இருந்தது. எருமை குளிர்காலத்தில் மிகுதியாகவும் கோடையிற் குறைவாகவும் பால் தருகின்றது. நகரத்தவரின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. குளிர்காலத்து மிகுதியை முழுவதும் ஏற்கப் பம்பாய்த் திட்டத்தால் இயலவில்லை. சங்கம் பாலை மறுத்துத் திருப்பியனுப்பினால் மக்கள் மீண்டும் தரகர் வாயிலுக்கே செல்வர். கொண்டுவந்த பாலை ஒருபோதும் மறுப்பதில்லை என்பதே சங்கத்தின் உயிர்நாடி. மிகுதியைப் பால்மாவாக்குவதே வழியென்று கண்டனர். எருமைப் பாலை அவ்வாறு மாவாக்க இயலாது என்று மேல்நாட்டு நிபுணர் பலர் கூறினர். தலாயா அதனைச் செய்து காட்டினார். அதற்கான தொழிற்சாலையை 1955 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் திகதி பிரதமர் நேரு திறந்துவைத்தார். அமுல் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது இதன் பின்னரே. குளிர்காலப் பால் மாவாகவும் வெண்ணெயாகவும் சேமிக்கப்பட்டது; கோடையில் அது மீண்டும் பாலாகி நகரத்துக்குச் சென்றது. இலங்கை நேயர்களுக்குக் கப்பலில் வரும் பண்டமாகவே பழகிப்போன பால்மா, ஆனந்திலே சொந்த மண்ணின் மிகுதியைக் காக்கும் களஞ்சியமாயிற்று.

1964 ஆம் ஆண்டிற் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி இம்மாவட்டத்துக் கிராமமொன்றில் ஓரிரவு தங்கி, மக்களுடன் உரையாடி, இம்முறை நாடெங்கும் பரவ வேண்டுமென விரும்பினார். அடுத்த ஆண்டில் தேசியப் பால்வள அபிவிருத்திச் சபை அமைந்தது. 1970 முதல் 1996 வரை நடைபெற்ற வெண்மைப் புரட்சித் திட்டத்தில், உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக ஐரோப்பாவின் பால்மாவும் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாக வந்தன. இலவசமாகக் கிடைத்ததை மலிவாகக் கொட்டியிருந்தால் உள்ளூர்ப் பாலின் விலை வீழ்ந்திருக்கும். அவ்வாறின்றி, அதனைப் பாலாக்கி நியாய விலைக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு குளிரூட்டும் நிலையங்களும் பாற்சாலைகளும் நிறுவினர். 1998 ஆம் ஆண்டளவில் இந்தியா உலகில் அதிக பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று.

இம்முறைக்குக் கண்டனங்களும் எழாமலில்லை. நகரத்துக்குப் பால் ஓடும்போது, கறக்கும் வீட்டுக் குழந்தையின் கிண்ணம் வெறுமையாகிறதா என்று 1980 களிற் சிலர் வினவினர். பணம் வந்த வீடுகளிலெல்லாம் அக்குழந்தைக்குப் போதிய உணவு கிடைத்தது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. பால் வழியை ஆராய்வோர் மறக்கலாகாத வினா அது.

ஆயினும் 2020 ஆம் ஆண்டிற் பெருந்தொற்று ஊரடங்கு வந்தபோது இவ்வமைப்பின் வலிமை வெளிப்பட்டது. தேநீர்க் கடைகளும் உணவுச்சாலைகளும் மூடப்பட்டன. தனியார் பலர் பால் வாங்குவதைக் குறைத்தனர். கூட்டுறவுச் சங்கங்களோ வழக்கம்போலப் பாலை ஏற்றன. விற்கவியலாத மிகுதி மாவாயிற்று. 1955 இல் அமைத்த களஞ்சியத்தின் நோக்கம் அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் அதுவே.

2021, 2022 ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிற் பால்மாவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மக்கள் கடைவாயில்களில் வரிசையாக நின்றமை யாவரும் அறிந்ததே. மாடுகளைப் பெருக்குவதால் மட்டும் அக்குறை நீங்காது. கறந்த பாலைச் சில மணி நேரத்துள் ஏற்று, நேர்மையாகச் சோதித்து, தாமதமின்றிப் பணங்கொடுத்து, குளிரை அறுபடவிடாது கொண்டுசெல்லும் வழியொன்று கிராமத்தின் வாயில் வரை வர வேண்டும். குளிரூட்டும் இயந்திரத்தைப் பணத்தால் வாங்கலாம். நாளைக் காலையும் தன் பால் மறுக்கப்படாது என்ற உறுதியைக் கறப்பவர் மனத்தில் ஏற்படுத்துவதற்கு, ஒவ்வொரு நாளும் இருவேளையும் சொன்ன சொல்லைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை.