தனித்து நின்ற கைத்திறம்

  

உழைப்பவன் தன் உழைப்புக்கு விலை பேசும் உரிமை எவரும் இரங்கி ஈந்ததன்று, போராடிப் பெற்றதாகும். பெறுவதினும், பெற்றதை இழவாது காப்பது கடினம். கைத்திறம் மிக்கார் தம் திறத்தையே அரணாக நம்பித் தனித்து நின்றால் யாது நேரும் என்பதற்கு, அமெரிக்க நாட்டின் நார்த்துவெசுட்டு வானூர்தி நிறுவனத்தில் 2005-ஆம் ஆண்டில் முறிந்த ஒப்பந்தப் பேச்சு ஒன்றே போதிய சான்றாகும்.

வானூர்தியில் ஏறுகின்றவர் வலவரைக் காண்கின்றார், பணிப்பெண்ணைக் காண்கின்றார், பொறிவினைஞரைக் காண்பதில்லை. ஊர் உறங்கும் நள்ளிரவில், கொட்டகையின் விளக்கொளியில், சுழலியின் அலகுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தேய்ந்ததை மாற்றி, கசிவதை அடைத்து, இறுதியில் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றவர் அவர். பழுது நீக்கப்பெற்ற வானூர்தி, தகுதிச் சான்று பெற்ற ஒருவரின் அக் கையொப்பமின்றி மேலெழுதல் கூடாது என்பது சட்டம். நூற்றுக்கணக்கான உயிர்கள் அவ்வொரு வரியில் தொங்குகின்றன. ஆகவே, 'நாம் கையை எடுத்தால் வானூர்தி பறவாது' என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. அவ்வெண்ணமே அவர்தம் வலிமை. அதுவே அவர்தம் மயக்கமுமாயிற்று.

அந்நாட்டில் வானூர்தித் தொழிலாளரின் ஒப்பந்தப் பேச்சை ஆள்வது இருப்புவழித் தொழிலாளர் சட்டம். 1926-இல் இருப்புவழிக்கென இயற்றப்பெற்ற அச்சட்டம், 1936-இல் வானூர்தித் துறைக்கும் விரிக்கப்பெற்றது. இச்சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் ஒரு நாளில் முடிந்து போவதில்லை. திருத்தத்திற்குரிய நாள் வந்த பின்னரும் பழைய ஒப்பந்தமே நீடிக்கும். இரு சாராரும் பேசுவர். ஒவ்வாவிடின் அரசின் இடையீட்டு வாரியம் நடுவே புகும். அவ்வாரியம் விடுவித்தாலன்றி வேலைநிறுத்தம் இல்லை. விடுவித்த பின்னும் முப்பது நாள் பொறுத்தல் வேண்டும். அதன்பின்னும் குடியரசுத் தலைவர் நெருக்கடிக் குழு ஒன்றை அமைத்து மேலும் தடுக்கலாம். காலம் நீள நீள, கருவூலம் நிறைந்த முதலாளிக்கு அது காத்திருப்பு. அடுப்பெரிய வேண்டிய தொழிலாளிக்கோ அது பட்டினி.

இனி, நார்த்துவெசுட்டில் நடந்ததைக் காண்போம். அங்குப் பொறிவினைஞர்கள் 1998 வரை, சுமை ஏற்றுவோர் முதலிய தரைப் பணியாளரோடு ஒரே பன்னாட்டுக் கழகத்தில் இருந்தனர். 'பலரோடு சேர்த்து எண்ணப்படுவதால் நம் திறத்திற்குரிய ஊதியம் கிட்டவில்லை' என்ற மனக்குறை அவர்களிடையே வளர்ந்தது. 1998-இல் வாக்கெடுத்து, அவர்கள் அதனின்று பிரிந்து, தம் தொழிலார்க்கே உரிய பொறிவினைஞர் உடன்பிறப்புக் கழகத்தைத் தழுவினர். துப்புரவாளரும் அவர்களோடு வந்தனர். 2001-இல், குடியரசுத் தலைவர் புசு வேலைநிறுத்தத்தைத் தடுத்து நெருக்கடிக் குழு அமைத்த நிலையிலும், ஊதியத்தைப் பெரிதும் உயர்த்திய ஒப்பந்தம் ஒன்றை அவர்கள் பெற்றனர். பிரிந்தது சரியே என்று அவ்வெற்றி அவர்களை நம்ப வைத்தது. ஆயின், விட்டு வந்த வீட்டில் கசப்பு ஆறாது கிடந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 11-இல் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் வான்பயணம் சுருங்கியது. எரிநெய் விலையும் பின்னர் ஏறியது. பொறிவினைஞருள் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். நிறுவனமோ, தொழிலாளர் செலவில் ஆண்டுக்கு 110 கோடி தாலரைக் குறைக்க வேண்டும் என்றது. வலவர்கள் 2004-இல் 15 விழுக்காட்டு ஊதியக் குறைப்புக்கு இசைந்தனர். அடுத்துப் பொறிவினைஞர் பக்கம் திரும்பிய நிறுவனம், 17 கோடியே 60 இலக்கம் தாலரைக் கேட்டது: ஊதியத்தில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைப்பு, எஞ்சியிருந்த ஏறத்தாழ 4,400 வேலைகளில் 2,000 ஒழிப்பு, துப்புரவாளர் பணியும் பெரும் பழுதுநோக்கும் வெளியாரிடம் ஒப்படைப்பு.

ஊதியம் குறைவதற்குக் கழகம் ஓரளவு இசையவே செய்தது. ஆனால் உடன் உழைத்தோருள் பாதிப்பேரைத் தெருவில் விடும் தாளில் கையொப்பமிட அது மறுத்தது. அம்மறுப்பு மானமுள்ளோர் செயலே. 2005 ஆகட்டு 20-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது.

நடந்தது என்ன? வானூர்திகள் பறந்தன! வலவர்கள் மறியல் வரிசையைக் கடந்து சென்றனர். பணிப்பெண்கள் கடந்து சென்றனர். பழைய கழகத்தின் தரைப் பணியாளரும் கடந்து சென்றனர். நிறுவனம் முன்கூட்டியே பயிற்றி வைத்திருந்த மாற்றாட்களும் மேலாளரும் வெளி ஒப்பந்தக்காரருமாக ஏறத்தாழ 1,900 பேர் கொட்டகைக்குள் புகுந்தனர். வேலைநிறுத்தம் செய்வோர்க்கு மாற்றாக நிலையான ஆட்களை அமர்த்தலாம் என்று அந்நாட்டு உச்ச நயமன்றம் 1938-இலேயே வழி திறந்து விட்டிருந்தது. செப்டம்பர் 13-இல் நிலையான மாற்றாட்களை அமர்த்தத் தொடங்கிய நிறுவனம், மறுநாளே நொடிப்பு முறையீடு செய்து நயமன்றத்தின் காப்புக்குள் புகுந்தது. அதன்பின் அது நீட்டிய ஒவ்வொரு தாளிலும் வேலைகளின் எண்ணிக்கை முன்னதினும் சிறுத்தது. 2006 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது, மீண்டும் வேலையில் அமர்ந்தோர் மிகச் சிலரே. மற்றவர்க்குக் கிடைத்தவை, என்றோ ஒருநாள் அழைக்கப்படலாம் என்ற காத்திருப்பும் சில கிழமைகளின் விலகல் ஊதியமுமே.

கையொப்பம் இன்றிப் பறவாது என்பது உண்மையே. ஆனால் அக் கையொப்பம் இன்னாருடையதாகவே இருத்தல் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை! தகுதிச் சான்று பெற்ற எவரும் இடலாம். 'எங்கள் தோழன் ஒப்பமிடாத ஊர்தியை யாம் செலுத்தோம்' என்று வலவர் சொல்லியிருந்தால், 'யாம் சுமை ஏற்றோம்' என்று தரைப் பணியாளர் சொல்லியிருந்தால், அன்றோ அவ்வொப்பத்திற்கு விலை இருந்திருக்கும்?

கடந்து சென்றவர்களாவது வாழ்ந்தனரா எனின், இல்லை. நொடிப்பின் பெயரால் அவர்தம் ஊதியங்களும் அடுத்தடுத்து வெட்டுண்டன. 2006-இல் பணிப்பெண்கள் வேலைநிறுத்தம் செய்ய முனைந்தபோது நயமன்றமே தடுத்து விட்டது. அயலான் வீட்டுத் தீயை வேடிக்கை பார்த்தவன் கூரையில் அத் தீ ஏறிய கதை அது.

ஒற்றுமை இருந்திருப்பின் வெற்றி உறுதியோ என்று வினவலாம். நேர்மையான விடை வேண்டின், ஈசுட்டர்ன் நிறுவனத்தையும் நோக்குதல் வேண்டும். 1989 மார்ச்சு 4-இல் அங்குப் பொறிவினைஞர்கள் வேலையை நிறுத்தினர். வலவரும் பணிப்பெண்களும் அவர்களோடு நின்றனர். வானூர்திகள் ஏறத்தாழ முற்றிலும் தரையில் நின்றன. ஐந்தே நாளில் நிறுவனம் நொடிப்பு முறையீடு செய்தது. ஆனால் நவம்பரில் வலவர்கள் விலகிக் கொண்டனர். 1991 சனவரியில் நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. உடன் அனைவர் வேலையும் போயிற்று. ஆகவே ஒற்றுமை எல்லா நோய்க்கும் மருந்தன்று. எனினும், ஓர் இடத்தில் வானூர்திகள் நின்றன. மற்றோர் இடத்தில் பறந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே தொழிலாளியின் வலிமை. அவ்வலிமையை வேலைநிறுத்தத்தில் செலவழித்தல் கடைசி வழி. அஃது உண்டு என்று முதலாளி அறியுமாறு பேச்சு மேசையில் அமர்தலே முதல் வழி.

தோழர்களே! ஒப்பந்தம் மேசையில் வெல்லப்படுவதன்று. மேசைக்கு வருமுன்பே, பல ஆண்டுகளாக, சுமை தூக்குவோனையும் கூட்டிப் பெருக்குவோளையும் தன்னோடு ஒப்ப மதித்தானா என்பதிலேயே அது வெல்லப்படுகின்றது, அல்லது தோற்கப்படுகின்றது. திறம் மிக்கவன் தன்னினும் குறைந்த ஊதியத்தானைச் சுமையெனக் கருதிய நாளிலேயே, முதலாளி பாதி வழக்கை வென்று விட்டான். பிரிந்தவனை மன்னியாது பழி தீர்த்தவன் மீதிப் பாதியையும் வென்று கொடுத்தான். இரு சாரார்க்கும் சினத்திற்குக் காரணம் இருந்தது. இரு சாரார்க்கும் அதனால் இழப்பே மிஞ்சியது. நார்த்துவெசுட்டு என்ற பெயரும் இன்றில்லை. 2008-இல் அது தெல்ட்டா நிறுவனத்தோடு கலந்து விட்டது.

எந்த ஆலையில், எந்தப் பணிமனையில் உழைப்பவராயினும், பக்கத்தில் நிற்பவன் வேறு கழகத்தான், வேறு தொழிலான் என்று முகந்திருப்பும் முன், மினியாப்பொலிசு நகரின் மறியல் வரிசையை ஒரு கணம் நினைத்துக் கொள்க. அங்கு நின்றவர்கள் கைத்திறத்தில் குறைந்தவரல்லர், துணிவில் குறைந்தவரல்லர். துணையில் குறைந்தவர்கள். அக்குறை நம்மிடை நேராதிருப்பதாக!