தன் மொழி என்றால் யார் மொழி?



பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயபிடகத்தில் ஒரு நிகழ்ச்சி. அந்தணக் குலத்தில் பிறந்த நாவன்மை மிக்க இரு துறவியர் புத்தரிடம் வருகிறார்கள். "பல குலத்தாரும் தம் பேச்சில் உங்கள் வாக்கைக் கெடுக்கிறார்கள், சந்தஸில் அமைத்துவிடலாமா?" என்கிறார்கள். சந்தஸ் என்றால் வேத மொழி நடை. புத்தர் கடிந்து மறுக்கிறார். 'சகாய நிருத்தியா', அதாவது தன் மொழியில் கற்கலாம் என்கிறார்.

தன் மொழி என்றால் யார் மொழி? கற்பவர் மொழியா, புத்தர் மொழியா? மூலம் பேசவில்லை, உரை பேசுகிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்த புத்தகோசர் பெயரால் வழங்கும் உரை, "புத்தர் பேசிய மகதமொழி" என்று முடித்துவிட்டது. அந்த உரை எந்த மொழியில் இருக்கிறது? பாலி என்று நாம் சொல்லும் அதே மகதமொழியில்! வாதியே நீதிபதியாக உட்கார்ந்த கதை.

அபிதம்மபிடகத்தைச் சேர்ந்த விபங்க நூலின் பாலி உரையான சம்மோகவினோதனி இன்னும் ஒரு படி போகிறது. தாய் தமிழ்ப் பெண், தந்தை ஆந்திரர். குழந்தை தாய் பேச்சை முதலில் கேட்டால் தமிழ் பேசும். தந்தை பேச்சைக் கேட்டால் ஆந்திர மொழி பேசும். இரண்டையும் கேட்காவிட்டால்? தானாகவே மகதமொழி பேசுமாம்! பிறவியிலேயே வரும் மொழி என்றான பிறகு, அதில் எழுதிய உரையை எதிர்த்து யார் வாய் திறப்பார்?

ஆனால் அந்த உரைகளின் சரக்கு சிங்களத்திலிருந்து வந்தது. மகா அட்டகதை, மகாபச்சரி, குருந்தி என்று பழைய உரைகள் இருந்தன. கடல் கடந்த துறவிகளுக்குச் சிங்களம் புரியாது என்பதால் பாலிக்கு மாற்றினார்கள். நியாயமான காரணம்தான். சோழ நாட்டுத் துறவி புத்ததத்தர் காவிரிக் கரையிலிருந்தே பாலியில் நூல் எழுத முடிந்ததும் அந்தப் பொதுமொழியால்தான். ஆனால் பாலி உரை நிலைத்தது. அந்தச் சிங்கள உரைகளில் ஒன்றுகூட இன்று நம் கைக்கு வரவில்லை.

மகதமொழி பிறவியிலேயே வரும் என்பதைக் கேட்டுச் சிரிக்கும் நாமும், தமிழே ஆதிமொழி என்று மேடையில் யாராவது முழங்கினால் உடனே கைதட்டுகிறோம். அன்பர்களே, தமிழுக்கு அந்தப் பட்டம் வேண்டாம். அந்த உரையில் வரும் குழந்தைக்குத் தமிழ் வந்தது ஆதிமொழி என்பதாலா? தாய் பேசினாள், அது கேட்டது. இன்று வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள்.