மூலையில் ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் பார்க்கிறவனுக்கு ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் தாய்மாமா சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட். அதுதான் தகுதி.

படக் கம்பெனி ஸ்டில் கொடுக்கும். மாமா அதில் பென்சிலால் கட்டம் போடுவார். அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக வரைவார். மூக்கு கொஞ்சம் தள்ளிப் போனாலும் ரசிகர்கள் விடமாட்டார்கள். "இது எங்க தலைவரா?" என்று சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் வேலை முடிந்ததும், மூலையில் தன் பெயரைச் சின்னதாக எழுதிவிடுவார்.

லேசான தொழில் அல்ல அது. 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் வைத்த சிவாஜி கட்-அவுட் சுமார் 80 அடி உயரம். உலகப் புகழ் பெற்ற எம்.எப். உசேனும் இளமையில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர்தான்.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. பல நாள் வேலை ஒரே ராத்திரியில் முடிந்தது. மாமா கடைப் பலகை எழுதப் போய்விட்டார்.

2010 அக்டோபர் 1-ந் தேதி 'எந்திரன்' ரிலீஸ். நான் இறுதியாண்டு. ஹாஸ்டலில் உட்கார்ந்து, நெட்டிலிருந்து இறக்கிய ஸ்டில்லை வெட்டி ஒட்டி, மன்றத்துக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் செய்தேன். கீழே நாற்பது பேருடைய பாஸ்போர்ட் போட்டோ. மாமாவைப் பெருமையோடு கூட்டிப் போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. யாரு வரைஞ்சது?"

எனக்குப் பதில் வரவில்லை. மூலையில் பிரஸ்காரர் போன் நம்பர் இருந்தது. ஸ்டில் எடுத்தவர் பெயர் இல்லை, போஸ்டர் டிசைனர் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை.

நண்பர்களே, கம்பெனிக்கு வரைகிறவரும் அன்பால் வரைகிற ரசிகரும் போட்டிக்காரர்கள் என்று நினைக்கிறோம். இருவருக்கும் சங்கடம் ஒன்றுதான். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்தவரே முதல் உரிமையாளர். ரசிகருக்கோ அந்த முகமே சொந்தமில்லை. அனுமதியில்லாமல் தன் பெயர், உருவம், குரலை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென்று 2023 ஜனவரியில் ரஜினிகாந்த் தரப்பிலிருந்தே வக்கீல் அறிவிப்பு வந்தது. ஆசையாக வரைந்து டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கும் தம்பிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தின் 57-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. உரிமையை விற்ற பிறகும், "இது நான் வரைந்தது" என்று கோரும் உரிமை படைத்தவனுக்கு உண்டு. மாமா இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. மூலையில் எழுதியது அதைத்தான்.

இது நம்ம ஊருக்குப் புரியாத விஷயமா? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் ஜனங்கள் தைக்கிற ஷூவில் யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்தானே இருக்கிறது!

ஒரு வார்த்தை ரசிகத் தம்பிகளுக்கு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம் பெண் பொறியாளர் உயிரிழந்தார். அது கல்யாண பேனர். ஆனால் சரிகிற பேனருக்குக் கல்யாணமும் சினிமாவும் ஒன்றுதான். அனுமதி வாங்காமல் ரோட்டில் கட்டாதீர்கள். நானும் அன்று வாங்கவில்லை. யார் தலையிலும் விழாதது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்று கம்ப்யூட்டரிடம் சொன்னாலே படம் வருகிறது. 2025 மார்ச்சில் ஊரே தன் போட்டோவை ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பாணிக்கு மாற்றிக்கொண்டது. ஃப்ளெக்ஸ் வந்தபோது மாமா நின்ற இடத்தில் இன்று டிசைனரும் ரசிகரும் சேர்ந்தே நிற்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். கல்லூரி விழா பேனரோ, டிபார்ட்மென்ட் டி-ஷர்ட்டோ, அடுத்தவர் படமென்றால் கேட்டு வாங்குங்கள். வரைந்தவருக்குக் கூலி கொடுங்கள், பெயரைப் போடுங்கள். இந்த மலரின் அட்டையை வரைந்த மாணவர் பெயரை முதல் பக்கத்தில் அச்சிட மலர்க்குழுவைக் கேட்டேன். சரி என்றார்கள்.

மாமாவுக்கு இந்த மலரில் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் முதலில் எங்கே பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.